மூன்றடித் தொட்டிக்கு எந்த சிக்லிட்? புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கப்பி, மோலி வளர்த்துக் கை பழகிவிட்டது. அடுத்து கொஞ்சம் பெரிய, ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடிவருகிற மீனாக வேண்டும். வீட்டில் மூன்றடி, மிஞ்சினால் நாலடித் தொட்டிக்குத்தான் இடம். இப்படி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வளர்ந்தபின் சுமார் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை வரும் சிக்லிட்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் மீன் பிடித்துப்போகிறது. அன்றைக்கே தொட்டி. மறுநாள் ஃபில்டர். இரண்டு மீன் செத்த பிறகு தண்ணீர்ச் சோதனை. இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்: தண்ணீர், தொட்டியின் தரையளவு, மீன் வகை, எண்ணிக்கை, அடுக்குதல், ஒரு மாதக் காத்திருப்பு, கடைசியில்தான் கடை.

சிக்லிட் என்ற மீன் குடும்பம் நமக்குப் புதிதில்லை. ஏரியில் பிடிக்கும் ஜிலேபி மீன் சிக்லிட்தான். தண்ணீர் வற்றும் காலத்தில் ஏரி ஓரச் சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். ஆண் ஜிலேபி தனக்கென்று தோண்டிக் காவல் காத்த இடங்கள் அவை. தோண்டுவது, இடம் பிடிப்பது, அந்த இடத்துக்கு வருபவரை விரட்டுவது என்ற இந்த மூன்று குணமும் கடையில் விற்கும் சிக்லிட்களுக்கும் உண்டு. கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீராக இருக்கும்.

1. உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து எழுதுங்கள்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, பி.எச். (அமில, காரத் தன்மை), கடினத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று. மீனுக்கு முன்னால் இந்தச் செலவைச் செய்யுங்கள்.

நம் பகுதியில் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உவர்ப்படிக்கும். உள்ளே போகப்போக நல்ல தண்ணீர் கிடைக்கும். அதனால் பக்கத்து ஊர் நண்பர் வீட்டில் நன்றாக இருக்கும் மீன் உங்கள் வீட்டிலும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

போர் தண்ணீரைக் குழாயில் பிடித்த கையோடு பி.எச். பார்க்காதீர்கள். நிலத்தடித் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருப்பதால் அளவு குறைத்துக் காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப் குழாயை உள்ளே விட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தொட்டியில் நிலைக்கப்போவது அந்த அளவுதான். இரும்புச்சத்து இருந்தால் அதுவும் இந்த ஒரு நாளில் துருநிறப் படிவாக வாளியின் அடியில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் இனி எப்போதும் தண்ணீரைத் தெளியவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

முனிசிபாலிட்டி தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறதா என்று பாருங்கள். குளோரின் நீக்கும் சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொள்வது கட்டாயம்.

அளவுகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். டி.டி.எஸ். 300-க்குள், பி.எச். 7 வாக்கில் என்றால் மென்னீர். 300 முதல் 800 வரை, பி.எச். 7.5-க்கு மேல் என்றால் கடின நீர். 1000 தாண்டி நாக்கில் உப்பு தெரிந்தால் அது உவர்நீர். டி.டி.எஸ். மீட்டர் சுண்ணாம்புச் சத்தையும் சோற்று உப்பையும் பிரித்துக் காட்டாது. அதற்குத்தான் கடினத்தன்மை கிட்.

இங்கே பலர் செய்யும் தவறு, கடின நீரை மாற்றித் தருவதாகச் சொல்லி விற்கும் பவுடர், திரவம் என்று வாங்கி பி.எச்.-ஐ இழுத்துக் கீழே கொண்டுவருவது. இரண்டு நாளில் அது பழைய இடத்துக்கே ஏறிவிடும். நிலையான 8 மீனை ஒன்றும் செய்யாது, 6.8-க்கும் 8-க்கும் இடையில் ஏறி இறங்குவதுதான் கொல்லும். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுங்கள். மீறி மாற்றவேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலப்பது ஒன்றே நம்பகமான வழி. முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாதீர்கள். பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் அதில் இல்லாததால் திடீரென்று சரியும்.

2. லிட்டரை விடத் தரையளவைப் பாருங்கள்

சிக்லிட் இடம் பிடிப்பது தரையில். ஆகவே தொட்டியின் உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். 3 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி சுமார் 170 லிட்டர் கொள்ளும். ஆனால் விரட்டப்பட்ட மீன் திரும்பி ஓட அதில் இடம் இல்லை. 3 அடி, 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் என்று செய்தால் சுமார் 190 லிட்டர், தரை ஒன்றரை மடங்கு. நாலடி என்றால் 4 × 1.5 × 1.5, ஏறக்குறைய 255 லிட்டர்.

கடையில் ரெடியாக இருப்பது பெரும்பாலும் ஒரு அடி அகலத் தொட்டி. கண்ணாடிக் கடையில் சொல்லி அகலத்தைக் கூட்டிச் செய்துகொள்ளுங்கள். மூன்றடித் தொட்டிக்கு 8 மி.மீ. கண்ணாடி போடச் சொல்லுங்கள். இரண்டடித் தொட்டிதான் முடியும் என்றால் இந்தக் கட்டுரையின் மீன்கள் வேண்டாம். அதில் கிரிபென்சிஸ் என்ற சின்ன சிக்லிட் ஒரு ஜோடி போதும்.

தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து மூன்றடித் தொட்டியே 250 கிலோவைத் தொட்டுவிடும். ஸ்டாண்டு சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாக்கோல் ஷீட் போடுவது சின்னச் சின்ன மேடு பள்ளங்களால் கண்ணாடி விரிசல் விடாமலிருக்க.

3. மீனுக்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டியவை

ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, அதோடு மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும் பவர் ஃபில்டரோ கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஒன்று. அட்டையில் உள்ள அளவு உள்ளே ஸ்பாஞ்ச் போடாமல் அளந்தது என்பதால் அதைவிடக் குறைவாகத்தான் ஓடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். தெர்மாமீட்டர். மூடி, இந்த மீன்கள் துரத்தலில் துள்ளும். ஹீட்டர் நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் தேவைப்படாது. மார்கழி இரவுகளில் ஓட்டு வீட்டுத் தொட்டி 23 டிகிரிக்கு இறங்கினாலும் அடுத்த படியில் வரும் ஃபயர்மவுத்தும் கான்விக்ட்டும் தாங்கும். ஏஞ்சல் வளர்ப்பவர் மட்டும் ஒன்று வாங்கி வைக்கலாம்.

4. மீன் வகையை முடிவு செய்யுங்கள்

நிதானமாகச் செய்யவேண்டிய படி இது. பிடித்த மீன் எது என்று தொடங்காமல், என் தண்ணீரில், என் தரையளவில் எது வாழும் என்று தொடங்குங்கள்.

*கான்விக்ட்.* கடின நீரில், மூன்றடியில், முதல்முறை வளர்ப்பவருக்கு இதைவிடச் சுலபமான சிக்லிட் இல்லை. ஆண் 10 முதல் 12 சென்டிமீட்டர், பெண் அதைவிடச் சிறிது. பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறத் திட்டு இருக்கும். ஆணுக்கு அது இருக்காது, துடுப்பு நீண்டு கூராகும். ஒரே சிக்கல், ஜோடி சேர்ந்ததும் முட்டை வைக்கும். முட்டை வைத்ததும் மூன்றடித் தொட்டி முழுவதும் தங்களுடையது என்று முடிவெடுத்துவிடும். கூட வேறு சிக்லிட் இருந்தால் மூலையில் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு, துடுப்பு கிழிந்து நிற்கும்.

*ஃபயர்மவுத்.* மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மீன். 12 முதல் 15 சென்டிமீட்டர். மூன்றடித் தொட்டிக்கு என்னுடைய முதல் பரிந்துரை இதுதான். எதிரி வந்தால் தொண்டையையும் செவுள் மூடிகளையும் ஒருசேர விரிக்கும். செந்நிறத் தொண்டை பை போல் தொங்க, செவுள் மூடியின் இரு கருப்புப் புள்ளிகளும் முன்பக்கம் திரும்பி இரண்டு பெரிய கண்களாகத் தெரியும். எதிரே நிற்கும் மீன் பெரும்பாலும் அங்கேயே ஒதுங்கிவிடும். மிரட்டலோடு முடிவதால் காயம் குறைவு. மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்துத் தின்னும் மீன் என்பதால் பருமனான ஜல்லி இதற்கு ஆகாது. பி.எச். 6.5 முதல் 8 வரை பொறுத்துக்கொள்ளும்.

*ப்ளூ அகாரா, எலெக்ட்ரிக் ப்ளூ அகாரா.* 15 சென்டிமீட்டர் வாக்கில். நடுத்தர சிக்லிட்களில் சாந்தமானது. மென்னீர் பிடிக்கும், மிதமான கடினத்தையும் தாங்கும். மூன்றடியில் ஒரு ஜோடி, நாலடியில் ஜோடியோடு வேறு துணையும் வைக்கலாம். எலெக்ட்ரிக் ப்ளூவின் நிறம் கடையின் நீல விளக்கில் இன்னும் கூடித் தெரியும். விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

*ஏஞ்சல்.* சிக்லிட் என்று தெரியாமலே பலர் வளர்க்கும் சிக்லிட். துடுப்போடு சேர்த்தால் நீளத்தைவிட உயரம் அதிகம். ஒன்றரை அடிக்குக் குறைந்த உயரத்தில் துடுப்பு மடங்கி வளரும். மென்னீருக்கு உரியது. நியான் டெட்ராவோடு விற்பார்கள். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் அதற்கு இரையாகிவிடும்.

*செவெரம்.* 20 சென்டிமீட்டர் வரும். நாலடித் தொட்டிக்கு மட்டும், அதிலும் ஒன்று. செடி வைத்தால் தின்றுவிடும்.

*யெல்லோ லேப்.* ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன், 10 சென்டிமீட்டர். பி.எச். 7.5-க்கு மேல், நல்ல கடின நீர் உள்ளவர்களுக்கு அருமையான தேர்வு. ஆறு முதல் எட்டு வரை கூட்டமாக, கற்குவியலோடு. பெண் முட்டைகளை வாயிலேயே மூன்று வாரம் போல வைத்திருக்கும். அந்த நாட்களில் சாப்பிடாமல் தாடை உப்பி நிற்பதைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

*ஆரஞ்சு குரோமைடு.* தென்னிந்தியக் கழிமுகங்களுக்கும் காயல்களுக்கும் உரிய மீன். இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் மூன்றுதான். கரிமீனும் இதுவும் அவற்றில் இரண்டு. 8 சென்டிமீட்டர்தான், நான் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவு. இருந்தும் உவர்நீர் வீட்டுக்காரர்களுக்காகச் சேர்க்கிறேன். டி.டி.எஸ். பார்த்து மனம் உடைந்து தினமும் கேன் தண்ணீர் சுமப்பதைவிட, அந்தத் தண்ணீரிலேயே செழிக்கும் ஐந்தாறு குரோமைடு வைப்பது எவ்வளவோ மேல். கரிமீன் இருபது சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால் சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

5. கேட்டாலும் வாங்கக் கூடாதவை

ஆஸ்கர் ஒரு அடிக்கு வளரும். ஃப்ளவர்ஹார்னும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதோடு தனியாகத்தான் வாழும். ஜாக் டெம்ப்சி 20 சென்டிமீட்டரைத் தாண்டும், முரட்டுத்தனமும் கூட. மூன்றுமே கடையில் விரல் நீளக் குட்டியாக இருக்கும். குட்டியின் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஊதா, பச்சை நிறத்தில் விற்கும் பேரட் மீன்கள் சாயம் ஏற்றப்பட்டவை. அந்த வேதனையில் பல செத்துப்போகும், பிழைத்ததிலும் நிறம் நாளடைவில் போய்விடும். இதை வாங்காமலிருப்பதுதான் அதை நிறுத்தும் வழி.

‘கலப்பு சிக்லிட்’ என்று ஒரே தொட்டியில் பத்து நிறக் குட்டிகளைக் காட்டி, “எல்லாம் ஒரே குடும்பம்தாண்ணே, ஒண்ணாவே போடலாம்” என்பார்கள். ஒரே குடும்பம் என்பதால்தான் ஒன்றாகப் போடக் கூடாது. ஒரே இடத்துக்கு, ஒரே இரைக்குப் போட்டி போடுபவை அவை. ஆப்பிரிக்க மீனையும் அமெரிக்க மீனையும் கலக்கவே வேண்டாம். இரண்டின் தண்ணீரும் உணவும் வேறு, மிரட்டும் முறையும் வேறு.

தொட்டி சுத்தம் செய்யும் என்று இலவசமாகக்கூடக் கொடுக்கும் சக்கர் மீனும் ஒன்றரை அடி வரை வளரும்.

6. எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்

மூன்றடிக்கு இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும்: ஒரு ஜோடி கான்விக்ட், அல்லது ஒரு ஜோடி ஃபயர்மவுத், அல்லது ஒரு ஜோடி அகாரா, அல்லது ஆறேழு யெல்லோ லேப், அல்லது ஐந்தாறு குரோமைடு. ஏஞ்சல் என்றால் ஐந்தாறு குட்டி வாங்கி, தானாக ஜோடி சேர்ந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பது. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்குவதற்கு முன்பே கடையில் கேட்டுவிடுங்கள்.

காலியாகத் தெரிகிறதே என்று தோன்றும். கான்விக்ட், ஃபயர்மவுத், அகாரா என்றால் ஆறு ஜெயன்ட் டேனியோ அல்லது ரோஸி பார்ப் சேர்க்கலாம். மேல்மட்டத்திலும் நடுமட்டத்திலும் வேகமாக நீந்தும் இவை சிக்லிட்டுக்கு இரட்டை உதவி: மேலே மீன் பயமின்றித் திரிவதைப் பார்த்து அதுவும் ஒளியாமல் வெளியே வரும், ஆணின் கோபம் பெண் மேலேயே குவியாமல் சிதறும்.

7. அடுக்கும் வரிசை: கல், மணல், தண்ணீர்

கல்லை முதலில் தொட்டியின் அடியில், மெல்லிய தெர்மாக்கோல் துண்டின் மேல் உட்காரவையுங்கள். பிறகு மணல். மணலின் மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டும்போது கல் சாய்ந்து கண்ணாடியில் விழும். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் மாற்றிச் செய்துவிடுகிறார்.

கடற்கரை மணல் வேண்டாம். உப்பு போகும்வரை கழுவிவிட்டாலும் கிளிஞ்சல் தூள் இருக்கும். அது கரையக் கரையக் கடினமும் பி.எச்.-உம் ஏறும். ஆற்று மணலைச் சலித்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போடுங்கள். எந்த மணலிலும் கல்லிலும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. யெல்லோ லேப் தொட்டிக்கு அது நல்லது, ஏஞ்சல் தொட்டிக்கு ஆகாது.

தொட்டியின் நடுவில் ஒரு கற்குவியலோ கட்டையோ நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாமல் மறைக்க வேண்டும். துரத்தும் மீன் ஓடும் மீனைக் கண்ணால் தொடர்கிறது. பார்வை அறுந்தால் துரத்தல் நிற்கும். ஜோடி ஒன்றுக்கு இரண்டு ஒளிவிடமாவது வேண்டும். பக்கவாட்டில் சாய்த்த மண்சட்டி போதுமானது.

8. மீன் இல்லாமல் ஒரு மாதம்

ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு இறால் துண்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அழுகி அம்மோனியா வரும். அதைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் வளர்ந்து நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா ஏறியதும் இறாலை எடுத்துவிடலாம். அதன்பின் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்காது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0, நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கிறது என்று கிட் காட்டும் நாளில் தொட்டி தயார். நம் ஊர் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து வாரம். நண்பரின் நோயில்லாத தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இன்னும் சீக்கிரம்.

கடின நீர்க்காரர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. காரணம் இருக்கிறது. அம்மோனியாவில் நச்சான பங்கு பி.எச்.-உம் வெப்பமும் ஏற ஏறப் பெருகும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.8 சதவீதம்தான் நச்சு. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் சுமார் 7.5 சதவீதம். மென்னீர்த் தொட்டி பொறுத்துப்போகும் அளவு கடற்கரைத் தெருத் தொட்டியில் மீனைக் கொன்றுவிடும்.

9. கடையில் எப்படிப் பார்ப்பது

முதலில் மீனைப் பார்க்காமல் தொட்டியைப் பாருங்கள். அதே தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும் அங்கிருந்து வாங்காதீர்கள்.

கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடிவந்து தின்ன வேண்டும். வயிறு ஒட்டியிருந்தாலோ, வெள்ளையாக நூல் போலக் கழிவு தொங்கினாலோ குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், விட்டுவிடுங்கள். துடுப்பை மடக்கி மூலையில் நிற்பது, செவுள் படபடவென்று அடிப்பது, தலையில் குழி, இவையும் அப்படியே. கூட்டத்தில் பெரியதையும் கடும் நிறத்தையும் எடுக்கத்தான் கை போகும். அது அந்தத் தொட்டியின் ரவுடி. நடுத்தர அளவில், சுறுசுறுப்பாக இருப்பதை எடுங்கள்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்குபவர்கள் ஆக்சிஜன் அடைத்த பையில், விடியற்காலையோ மாலையோ வரும்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் பஸ் ஜன்னலோரம் வைத்த பை கொதித்துவிடும்.

10. தொட்டியில் விடுவது

விளக்கை அணையுங்கள். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு பைத் தண்ணீரோடு மீனை வாளியில் விட்டு, மெல்லிய ஏர் குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். வாளித் தண்ணீர் இரட்டிப்பானதும் வலையில் எடுத்து விடலாம். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. நோய் அதில்தான் வருகிறது.

டேனியோவை ஒரு வாரம் முன்னால் விடுங்கள். சிக்லிட் குட்டிகளை மட்டும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். இன்று மூன்று, அடுத்த வாரம் மூன்று என்றால் முதல் மூன்றும் இடம் பிடித்துவிட்டு, பின்னால் வருபவற்றை அடிக்கும். பின்னாளில் ஏதாவது சேர்க்க நேர்ந்தால், கற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டு விடுங்கள். எல்லை அழிந்து எல்லாரும் புதிதாகத் தொடங்குவார்கள். அப்போது புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்து நோய் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

11. முதல் மாதத்துக்கு மேல்

உணவு: ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் பெல்லட். யெல்லோ லேபுக்கு ஸ்பைருலினா கலந்தது. கோழி, மாட்டு இறைச்சி வேண்டாம். லேபுக்கு வயிறு வீங்கும், மற்றவற்றுக்குத் தண்ணீர் கெடும்.

தண்ணீர் மாற்றம்: வாரம் ஒருமுறை கால் பங்கு. கோடையில் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றுவது தண்ணீர் மாற்றியதாகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். மறுபடி போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு மேலும் சேரும். குறைந்ததை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்.

கத்திரி வெயிலில் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போகும். வெப்பம் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்குத் தேவையோ கூடும். விளக்கு நேரத்தைக் குறைத்து, தீனியைப் பாதியாக்கி, ஏர் பம்பை இரவும் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து வலை போட்டு, மேற்பரப்பில் ஃபேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு டிகிரி வரை இறங்கும். கடற்கரைப் புழுக்கத்தில் அதைவிட எதிர்பார்க்க வேண்டாம். ஐஸ் கட்டி போடுவது கூடாது.

கார்த்திகை, மார்கழிப் புயலுக்கும் தயாராக இருங்கள். 2011 தானேயையும் 2024 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் எத்தனை நாள் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்ததும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, இரண்டு வாளி தண்ணீர் தெளியவைத்து, தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பேட்டரி பம்பை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டுங்கள். மூடிய கேனிஸ்டர் சில மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே போடாமல், உள்ளிருப்பதைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

12. குஞ்சுகளும் மிச்ச மீன்களும்

கான்விக்ட் ஒருமுறைக்கு நூறு, இருநூறு முட்டை வைக்கும், மூன்று நாளில் பொரிக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு மேல் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். குஞ்சு வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே ஆண் ஒன்றை மட்டும் டேனியோவோடு வளர்க்கலாம். ஜோடி வைத்திருப்பவர்கள் முட்டை வைத்த அன்றைக்கே சட்டியை வெளியே எடுத்துவிடலாம்.

எது மிஞ்சினாலும் ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ வீராணத்திலோ கெடிலத்திலோ விடாதீர்கள். நம் வெப்பத்தில் இவை பிழைக்கும், பெருகும், நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெரும்பாலும் யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள். ஃபில்டரில் ஊறிய பழைய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள், அவர்கள் தொட்டி சீக்கிரம் தயாராகும்.